முனியப்பன் கொடுத்த ஒரு நாள்

ரிஷிவந்தியம்
4.12.2025

அருள்மொழி அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதே நேற்றுத்தான் தெரிந்தது. மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வருகிற வெற்றிவேல் நம் வாசலில் வேனை நிறுத்தி, "இன்னாக்கா, மாமா மேல மாயவன் கொல்லையில கெழங்கு புடுங்கிக்கினு கீறாரு, உனுக்குத் தெரியாதா?" என்றான். தெருவுக்கே கேட்டது. தெரியும் என்று சொல்லி வைத்தேன். புருஷன் இருக்கும் இடத்தை வேன்காரன் சொல்லித் தெரிந்துகொள்ளும் பெண்டாட்டி ஆகிவிட்டேன்.

போனைப் பரண்மேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். அங்கே டவரும் கிடையாதாம். அதனால் எழுதுகிறேன். சாராயத்துக்குப் பேர்போன மலைக்கு, குடிக்காமல் இருக்க வேண்டும் என்று போன ஆள் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

காதுகுத்து அன்று நடந்ததற்குத்தான் இந்தக் கோபம் என்று தெரிகிறது. ஆமாம், நான்தான் செய்தேன். பங்குனியில் முனியப்பன் கோவிலில் கையில் கயிறு கட்டி, அடுத்த பங்குனிவரை தொடமாட்டேன் என்று சொன்னீர்கள். தொடவில்லை. அதை நான் மறுக்கவில்லை. கார்த்திகையில் அருள்மொழிக்குக் காது குத்த நாள் குறித்ததும் நானே அந்தக் கோவிலுக்குப் போனேன். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பூவை இலையில் மடித்துப் போட்டு, இந்த விசேஷத்துக்கு ஒரே ஒரு நாள் கயிற்றை அவிழ்க்கலாமா என்று கேட்டேன். வெள்ளை வந்தால் சம்மதம். வெள்ளைதான் வந்தது. என் தம்பி தமிழழகனிடம் ஒரு கட்டிங் மட்டும் ஊற்றிக் கொடுக்கச் சொன்னேன். கயிற்றையும் நானே அவிழ்த்தேன்.

ஏன் செய்தேன் என்று உங்களுக்குத் தெரியாதா? குடித்துக்கொண்டிருந்தவரை நீங்கள் எப்போது வீட்டுக்கு வருவீர்களோ என்று பயம். குடியை விட்ட பிறகு நீங்கள் வீட்டிலேயே இருக்கிறீர்களே என்று பயம். குக்கர் விசில் அடித்தால் தட்டைத் தூக்கி எறிந்தீர்கள். அருள்மொழி பென்சில் சீவினால் கத்தினீர்கள். இரவில் தூங்காமல் கூடத்தில் நடந்தீர்கள். எங்கள் வீட்டு ஜனம் முழுக்க வந்து உட்கார்ந்திருக்கும்போது, மைக் செட் சத்தத்துக்கு நீங்கள் பந்தலைப் பிரித்துப் போட்டிருந்தால் நான் யார் முகத்தில் விழிப்பேன்? அன்றைக்கு ஒரு நாள் நீங்கள் பழையபடி சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இருந்தீர்கள். போட்டோவில் பாருங்கள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துப் புழுங்க முடியவில்லை. ஆவணியில் அருள்மொழி நம் டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்து கை உடைந்ததே, நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றீர்கள். குடிக்காமல் தெளிவாக நின்றீர்கள். பிள்ளை அலறினாள். நீங்கள் மரம் மாதிரி நின்று பார்த்தீர்கள். எதிர்வீட்டுக் கமலா அக்காதான் ஓடி வந்து தூக்கினாள். குக்கருக்கு நடுங்குகிறவர், பெற்ற பிள்ளைக்கு நடுங்கவில்லை. அன்றைக்கு என் மனசு விட்டுப்போனது. இன்னும் ஒட்டவில்லை.

கரும்பு ஆலை திறக்கப்போகிறது. டிராக்டர் சும்மா நிற்கிறது. வருகிறீர்களா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

ஜெயசுதா


மாயவன் கொல்லை, கரியாலூருக்கு மேலே
11.12.2025

ஜெயசுதாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கொண்டுவந்து கொடுத்த வெற்றிவேல் அதைப் பிரிக்கவில்லை, ஆனால் படித்தவன் மாதிரியே என்னைப் பார்த்தான்.

முதலில் ஒன்றைச் சொல். நான் கேட்டேனா? என்னைக் கொஞ்சம் அவிழ்த்து விடு என்று உன் காலில் விழுந்தேனா? பந்தல் போட்ட அன்றிலிருந்து எனக்குத் தலைக்குள் இரைச்சல்தான். பல்லைக் கடித்துக்கொண்டு தாம்பூலப் பையில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தேன். கத்தியிருப்பேன், அது உண்மைதான். உன் சித்தப்பா வீட்டார் முகத்தைச் சுளித்திருப்பார்கள். ஆனால் கத்திவிட்டு, குடிக்காதவனாகவே போய்ப் படுத்திருப்பேன். அது உனக்கு மானக்கேடு. எனக்கு அது ஒன்றுதான் கையில் இருந்தது.

உன் தம்பி டம்ளரை நீட்டினான். "அக்காதான் குடுக்க சொல்லிச்சு மாமா. சாமியே சரின்னு சொல்லிடுச்சாம், நீ இன்னாத்துக்கு யோசிக்கிற?" என்றான். நீ பக்கத்தில் நின்று என் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்தாய். குடி, குடி என்று உலகமே சொன்னாலும் சமாளித்திருப்பேன். குடிக்காதே என்று பன்னிரண்டு வருஷம் அழுதவள் குடி என்கிறாள். அதற்கு எப்படி எதிர்த்து நிற்பது?

முதல் மடக்கு இறங்கியதுமே இரைச்சல் நின்றது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எட்டு மாதம் நான் எதற்காகத் தூங்காமல் கிடந்தேனோ அந்த நிம்மதி ஒரு டம்ளரில் வந்தது. அன்று ராத்திரி குழந்தை மாதிரி தூங்கினேன். விடிந்ததும் இரைச்சல் திரும்பிவிட்டது, முன்னைவிட ஜாஸ்தியாக. அதை அடக்க மறுநாள் நானே கடைக்குப் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். உன் முனியப்பன் ஒரு நாள்தான் கொடுத்தார். என் மூளைக்கு ஒரு நாள் என்று கணக்கு வைக்கத் தெரியவில்லை.

கடைசி நாள் அருள்மொழியை டிராக்டர் மட்கார்டில் உட்கார வைத்துக்கொண்டு வந்தேன். நீ வாசலில் நின்று பார்த்தாய். என் வாடையும் உனக்கு அடித்திருக்கும். ஒன்றும் பேசாமல் பிள்ளையை இறக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய். திட்டியிருந்தால் இருந்திருப்பேன். அந்தக் கதவுச் சத்தத்தோடு பஸ் ஏறினேன்.

டிரெய்லரிலிருந்து விழுந்ததைக் கேட்டிருக்கிறாய். ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. பாசம் இல்லாதவன் என்று நீ முடிவு கட்டிவிட்டால், என்னால் இல்லை என்று நிரூபிக்க முடியாது.

வருவதைப் பற்றி இப்போது எழுதத் தோன்றவில்லை. தமிழழகனை டிராக்டர் ஓட்டச் சொல். ஊற்றிக் கொடுக்கத் தெரிந்தவனுக்கு ஓட்டவும் தெரியும்.

கொளஞ்சியப்பன்


ரிஷிவந்தியம்
3.1.2026

அருள்மொழி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நாலு நாள் தையல் மெஷினில் உட்கார்ந்து உங்களைத் திட்டித் தீர்த்தேன். பிறகு, சரி, இந்த மனிதரைச் சரிசெய்ய ஏதாவது மாத்திரை இருக்கிறதா பார்ப்போம் என்று கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். குடிநோய்க்குப் பார்க்கிற ஒரு இடத்தைக் கமலா அக்கா சொல்லியிருந்தாள். அங்கே ராதிகா என்று ஒரு மேடம் ஆலோசனை சொல்கிறார்.

"வூட்டுக்காரரு குடிக்கிறாராம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க மேடம், குடிக்காததுதான் பிரச்சினை" என்றேன். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன். குக்கர், பென்சில், பூ, கட்டிங், எதையும் மறைக்கவில்லை. பிள்ளை விழுந்ததையும் சொன்னேன். மாத்திரை கேட்டேன். மாத்திரையைப் பற்றி டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், வீட்டுக்காரரை நேரில் அழைத்து வாருங்கள் என்றார். பிறகு எனக்குப் பாடம் நடத்தினார். பாதி புரிந்தது. புரிந்ததை எழுதுகிறேன்.

நமக்கு ஒரு பயமோ பதற்றமோ வந்தால் மூளை அதைத் தெரிந்துகொண்டு, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற ஒரு சின்னச் சுரப்பிக்கு ஆள் அனுப்புமாம். அது கார்டிசால் என்று ஒன்றைச் சுரக்கும். அது ரத்தத்தில் வந்தால்தான் உடம்பு விழித்துக்கொள்ளும், ஓடும், தூக்கும், சமாளிக்கும். போதுமான அளவு வந்ததும் மூளையே போதும் நிறுத்து என்று சொல்லிவிடும். உடம்பு நன்றாக இருக்கிறவருக்கு இது தானாக நடக்கிறது.

குடிக்கிறவர்களுக்கு அந்தக் குடியே தினமும் இதைச் சுரக்க வைக்கிறதாம். மேலுக்கு நிம்மதி மாதிரி தெரியும், உள்ளே அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். பல வருஷம் இப்படி ஆனால் நிறுத்து என்று சொல்கிற இடம் மரத்துப்போய்விடும். குடியை விட்ட பிறகும் உடனே சரியாகாது. ஒன்றுமில்லாத நேரத்திலும் பதற்றம் நிற்காது, தூக்கம் வராது, சின்ன சத்தத்துக்கெல்லாம் உடம்பு தூக்கிப்போடும். அந்த நேரத்தில் ஒரு வாய் குடித்தால் கொஞ்ச நேரம் அடங்கும், பிறகு பழையதைவிட மோசமாகும். "அவருக்குக் கோவம் ஜாஸ்தியானது கொணத்தாலன்னு நெனைக்காதம்மா. எட்டு மாசம் தாங்கிக்கினு இருந்தாரே, அத்தப் பாரு" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. இதை ஏன் எவரும் அப்போதே சொல்லவில்லை? கயிறு கட்டின பூசாரி சொல்லவில்லை. சபாஷ் என்று உங்கள் முதுகில் தட்டின ஊர்க்காரர்கள் சொல்லவில்லை. குடியை விட்டால் அடுத்த நாளே மனுஷன் தங்கமாகிவிடுவான் என்றல்லவா நான் நம்பிக்கொண்டிருந்தேன்? விட்டும் இப்படி இருக்கிறாரே, அப்படியானால் இதுதான் இவருடைய நிஜமான குணம் என்று நினைத்துத்தானே அந்தப் பூவைப் போட்டேன்? மேடத்திடமே சத்தம் போட்டேன். பாவம், அவர் தண்ணீர் கொடுத்தார்.

பிள்ளை விழுந்ததைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. சும்மா இருக்கும்போது நிற்காமல் ஓடுகிற அதே உடம்பு, நிஜமாக ஓட வேண்டிய நேரத்தில் சிலருக்கு எழும்பாதாம். பெரிய ஆபத்து கண் முன்னால் வரும்போது சுரக்க வேண்டியது சுரக்காமல் மந்தமாகிவிடுமாம். எல்லாருக்கும் இப்படித்தான் என்று இல்லை, உங்களுக்கு அப்படி நடந்ததா என்று உங்களைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். அன்றைக்கு உங்களுக்கு உள்ளே என்ன நடந்தது? சால்ஜாப்பு வேண்டாம். பாடத்தை வைத்துத் தப்பித்துக்கொள்ளவும் வேண்டாம். உள்ளதை எழுதுங்கள். நான் உங்களிடம் பிள்ளையை விட்டுவிட்டு ஒரு குடம் தண்ணீர் எடுக்கப் போகலாமா கூடாதா? எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான்.

பொங்கலுக்கு வரமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அருள்மொழி கேட்டால் ஆலையில் வண்டி வரிசையில் நிற்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். அவள் நம்பமாட்டாள். டிராக்டர் வாசலில் நிற்கிறது.

ஜெயசுதா


மாயவன் கொல்லை
20.1.2026

ஜெயசுதாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பொங்கலுக்கு முன்பே பதில் எழுதினேன். எழுதியதைக் கிழித்துவிட்டேன். ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தேன். அது பொய். ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு அவள் விழுவதைப் பார்த்தேன். கை மடங்குவதைப் பார்த்தேன். சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது, பக்கத்து ஊரில் யாரோ அழுகிற மாதிரி. போய்த் தூக்கு என்று எனக்குத் தெரிந்தது. கால் கேட்கவில்லை. பயம்கூட வரவில்லை. அதுதான் அசிங்கம். பயம் வந்திருந்தால் ஓடியிருப்பேன். கமலா அக்கா என்னைத் தள்ளிவிட்டு ஓடியபோதுதான் உடம்பில் உயிர் வந்தது. அதற்குள் நீ வந்துவிட்டாய். நீ பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இதை நீ நம்பவேண்டும் என்று எழுதவில்லை. ஆனால் இங்கேயும் ஒன்று நடந்துவிட்டது. போன வாரம் கிழங்கு தோண்டும்போது மாயவன் கையிலிருந்த மண்வெட்டி நழுவி அவன் பாதத்திலேயே இறங்கியது. ரத்தம் பீய்ச்சி அடித்தது. நான் எதிரே நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். அவன் பெண்டாட்டி சாலம்மாள் ஓடி வந்து என் கன்னத்தில் ஒன்று விட்டாள். "மரமாட்டம் நிக்கிறியே, அந்தத் துண்ட அவுத்துக் கட்டு" என்றாள். அடுத்த நொடி நான் தலைத் துண்டை அவிழ்த்துக் கட்டினேன், அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடுவரை ஓடினேன், ஜீப்பை மறித்தேன். கரியாலூர் போய்ச் சேரும்வரை காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். தையல் போட்டார்கள். கால் தப்பியது.

அப்புறம் சாயங்காலம் சாலம்மாள் அடுப்பில் சட்டியைத் தட்டென்று வைத்தாள். அந்தச் சத்தத்துக்குக் கை நடுங்கி டீயைக் கொட்டிவிட்டேன். ரத்தத்துக்கு நடுங்காதவன் சட்டிக்கு நடுங்குகிறேன். மேடம் சொன்னதை நான் படித்தது அதற்கு முந்தின நாள். படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது, இந்தம்மா என்ன என் தலைக்குள்ளே பார்த்ததா என்று. சட்டிச் சத்தத்துக்குப் பிறகுதான் உட்கார்ந்து திரும்பப் படித்தேன்.

நம் கொல்லை மோட்டார் ஸ்டார்ட்டர் ஞாபகம் இருக்கிறதா? உள்ளே பாயிண்ட் ஒட்டிக்கொண்டு, சிவப்பு பட்டனை எத்தனை அழுத்தினாலும் நிற்காமல் ஓடி, கிணற்றில் தண்ணீர் இல்லாமலே சுற்றிச் சுற்றிக் கம்பிக் காயில் கருகியதே. அதற்குப் பிறகு தண்ணீர் நிறைய இருந்தபோது பச்சை பட்டனை அழுத்தினோம், உறுமியது, ஏறவில்லை. என்னை அப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் மோட்டாருக்கு வேறு காயில் கட்டலாம். எனக்கு எத்தனை மாதம் ஆகும் என்று அந்த மேடத்திடம் கேட்டாயா? கேட்டிருந்தும் எழுதாமல் விட்டிருந்தால் அதையும் எழுது.

உன் கேள்விக்குப் பதில் இது. என்னிடம் பிள்ளையை விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகாதே. இப்போதைக்குப் போகாதே. இதை எழுத எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ கிண்டல் செய்த மலையில்தான் இருக்கிறேன். வந்ததிலிருந்து தொடவில்லை. கயிறும் இல்லை, சாமியும் இல்லை. கிழங்கு தோண்டினால் உடம்பு அசந்துபோகிறது, சில நாள் விடியும்வரை தூங்குகிறேன்.

கொளஞ்சியப்பன்


ரிஷிவந்தியம்
1.2.2026

அருள்மொழி அப்பாவுக்கு,

எத்தனை மாதம் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்குப் பல மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும், நடுவில் குடித்தால் மறுபடி பின்னுக்குப் போகும் என்றார். நான்தான் எழுதவில்லை. நடுவில் குடித்தால் என்ற இடத்தில் எனக்குப் பேனா ஓடவில்லை.

தமிழழகன் போன வாரம் நம் சொந்தக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்தான். "மாமாவக் கூப்புட்டு வந்து, இந்த தபா புள்ள தலைல கைய வச்சு சத்தியம் பண்ண சொல்லு. குடிச்சா புள்ளைக்கு ஆவாதுன்னு பயம் இருந்தாத்தான் நிப்பாரு" என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "பயம் பத்தலன்னா குடிக்கிறாரு அவரு? பயம் ஜாஸ்தியாயிதான்டா ஒடம்பு கெட்டுக் கெடக்குது. அதுக்கு மேல எம் புள்ளையையும் தூக்கி வைக்கிறியா?" என்று கேட்டேன். டீ கூட குடிக்காமல் போய்விட்டார்கள். நல்லது. பால் மிச்சம்.

மாயவன் அண்ணன் கால் பிழைத்ததைப் படித்துச் சந்தோஷம். சாலம்மாள் உங்களை அறைந்தது எனக்கு இன்னும் சந்தோஷம். நான் செய்திருக்க வேண்டியது. உங்கள் பதிலையும் படித்தேன். பிள்ளையை விட்டுப் போகாதே என்று நீங்களே எழுதிய வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பாசம் இல்லாதவர் அதை எழுதமாட்டார். என் மனசு ஒட்டிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் விட்டுப்போன இடம் எது என்று இப்போது தெரிகிறது.

இனி என் ஆற்றாமையையும் கேளுங்கள். உங்கள் மூளை, உங்கள் சுரப்பி, உங்கள் ஸ்டார்ட்டர். ஊரும் மேடமும் நானும் எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் உங்கள் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே அடுப்பைக்கூட விட்டுவிட்டுக் காது கொடுப்பேன். பன்னிரண்டு வருஷமாக அந்தச் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுவேன். நீங்கள் விட்ட பிறகும் அது நிற்கவில்லை. நீங்கள் மலையில் இருக்கிறீர்கள், தெருவில் யாராவது செருப்பை இழுத்துக்கொண்டு நடந்தால் நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அருள்மொழியும் செய்கிறாள். அன்றைக்குப் பார்த்தேன், பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புதுத்தோடு போட்ட காது.

இதை மேடத்திடம் சொன்னேன். குடிக்காதவர்களுக்கும் வருஷக்கணக்காகப் பயந்தால் அந்த இடம் கெட்டுப்போகும் என்றார். அடுத்த தடவை உங்களைப் பற்றிப் பேசாமல் என்னைப் பற்றி மட்டும் பேச வரச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதேன். எங்களை இப்படிக் கேட்க ஒருவரும் இருந்ததில்லை.

அதனால் வருவதானால் இப்படி வாருங்கள். பகலில் வாருங்கள். தெருமுனையிலேயே அருள்மொழியின் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், செருப்பு கேட்பதற்கு முன்னால் உங்கள் குரல் கேட்க வேண்டும். டாக்டரிடம் என்னோடு வர வேண்டும். கயிறு கட்டமாட்டேன், அவிழ்க்கவும் மாட்டேன். பூவும் போடமாட்டேன். முடியாத நாளில் முடியவில்லை என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கடைக்குப் போகாமல் கொல்லைக்குப் போக வேண்டும். இதெல்லாம் சரிப்படாது என்றால் மலையிலேயே இருங்கள், நான் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஜெயசுதா


மாயவன் கொல்லை
9.2.2026

ஜெயசுதாவுக்கு,

செருப்பு விஷயத்தைப் படித்துவிட்டு எழுந்து போய் என் செருப்பைப் பார்த்தேன். வலது பக்கம் தேய்ந்திருக்கிறது. நான் இழுத்து நடக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. நீங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்பது அதைவிடத் தெரியாது. எனக்கு எழுத வரவில்லை. அழுதேன் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

நீ சொன்னபடியே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வெற்றிவேல் வேனில் கிழங்கு மூட்டையோடு இறங்குகிறேன். மதியம் ஆகும். இந்தக் கடிதம் அதற்கு முன்பே அவன் மூலம் உனக்கு வந்து சேரும். வழியில் கடை இருக்கிறது, எனக்குத் தெரியும். வண்டியை அந்த ரோட்டில் விடாதே என்று அவனிடம் சொல்லிவிட்டேன். "சுத்து ஜாஸ்தி மாமா" என்றான். சுத்தட்டும் என்றேன்.

நானும் ஒன்று கேட்கிறேன். நான் மரமாக நிற்கும்போது, நிற்கிறீர்களே என்று திட்டாதே. என்ன செய்ய வேண்டும் என்று சொல். தூக்கு என்று சொல், பிடி என்று சொல், ஓடு என்று சொல். சாலம்மாள் துண்டை அவிழ் என்று சொன்னதும் என் கை கேட்டது. உன் குரலையும் கேட்கும் என்று நம்புகிறேன். அருள்மொழிக்கும் சொல்லிக்கொடு. அப்பா நின்றால் பயப்படாதே, சத்தமாக ஒரு வேலை சொல் என்று. இது வெட்கக்கேடுதான். ஆனால் தூக்காமல் நிற்பதைவிடப் பரவாயில்லை.

வந்து நான் நல்லவனாக இருப்பேன் என்று எழுதமாட்டேன். கத்துவேன். தட்டு பறக்காமல் பார்த்துக்கொள்ளப் பார்க்கிறேன். நீ கதவைத் திறக்காவிட்டால் எதிர்வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அதே வேனில் திரும்பிவிடுகிறேன்.

கொளஞ்சியப்பன்


ரிஷிவந்தியம்
13.2.2026

அருள்மொழி அப்பாவுக்கு,

வெற்றிவேல் நாளைக் காலையில் லோடு எடுக்க மேலே வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் ஏறுவதற்கு முன் கிடைத்துவிடும்.

கமலா அக்கா வீட்டில் தண்ணீர் குடிக்க வேண்டிய அவசியம் இல்லை. அவளுக்கு ஏற்கெனவே நம் வீட்டு விஷயம் எல்லாம் தெரியும், இதற்கு மேல் எதற்கு?

அருள்மொழிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அவள் உடனே ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டாள். நேற்று முழுக்க, "பிடி, தூக்கு, ஓடு" என்று என்னை விரட்டினாள். நீங்கள் வந்ததும் உங்களை அந்தப் பாடு படுத்தப் போகிறாள். தாங்கிக்கொள்ளுங்கள். தெருமுனையில் கூப்பிட்டால் ஓடி வருவேன் என்றாள். நான் வரமாட்டேன். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

குக்கரை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டேன், உங்கள் போன் இருந்த இடத்தில். ஞாயிற்றுக்கிழமை சோறு பானையில் வடிக்கிறேன். வடித்து எனக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது, நேற்று முயன்று பார்த்ததில் குழைந்துவிட்டது, கஞ்சி கையில் கொட்டிவிட்டது. கொப்புளம் போட்டிருக்கிறது. இத்தனை பாடும் ஒரு விசிலுக்காக என்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஆறினால் மறுபடி சுட வைக்கமாட்டேன். நேரத்துக்கு வந்து சேருங்கள்.

ஜெயசுதா